சக்கரம் உடுத்திய ஆடை

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிறந்து, உத்தியோகத்தின் பொருட்டு டில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்தவர்கள் நம்மில் பலர். ஊரில் அவர்கள் கண்ட மாட்டு வண்டிகள் இரண்டு வகை. ஒன்று கட்டை வண்டி. மரச் சக்கரத்தின் வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டா பூட்டியது. மற்றொன்று டயர் வண்டி. மோட்டார் வாகனங்களில் ஓடித் தேய்ந்த டயர்களைப் பெரும்பாலும் தாங்கி வருவது. கட்டை வண்டி வருவது தெருக்கோடியிலேயே காதில் விழும். டயர் வண்டி ஓசையின்றி வந்து நிற்கும்; மாட்டுக்கும் இழுப்பு எளிது. மோட்டாருக்கென்று செய்த டயர் மாட்டு வண்டிக்குப் பொருந்திவிட்டதைக் கண்டு எவரும் வியந்ததில்லை. ஆயினும் கார் டயரை ஒரு கனமான மோட்டார் சைக்கிளுக்குப் பூட்டலாமா என்று கேட்டால், விடை அத்தனை எளிதாகக் கிடைப்பதில்லை. அந்தக் கேள்வி ஒரு நாள் நம்மைத் தேடியே வந்தது.

நம் அலுவலக நண்பர் ஒருவருடைய தம்பி பொறியியல் படித்தவர். டில்லியை அடுத்த ஊரில் வேலை. சம்பாதித்த பணத்தில் வெளிநாட்டுக் கனரக மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார். விடுமுறை கிடைத்தால் ராஜஸ்தானத்தின் நீண்ட சாலைகளில் ஓட்டிச் செல்வது அவர் வழக்கம். ஒன்றரை ஆண்டுக்குள் பின் சக்கரத்து டயர் இரண்டு முறை தேய்ந்துபோயிற்று. மூன்றாவது டயர் வாங்க அவர் கரோல்பாக் கடைவீதிக்குச் சென்றபோது அண்ணனும் நாமும் உடன் சென்றோம். விலையைக் கேட்டு அவர் முகம் வாடியதைக் கண்ட கடைக்காரர், அதே விட்டமுள்ள கார் டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். விலை பாதிதான், உழைப்போ இரண்டு மூன்று மடங்கு, அமெரிக்காவிலேயே இப்படிப் பூட்டுகிறார்கள் என்றார். தம்பியின் கண் ஒளிர்ந்தது. அண்ணன் நம் பக்கம் திரும்பி, "சார், நீங்கள் நாலும் படிக்கிறவர். இது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை இவன் வண்டியை எடுக்க வேண்டாம்" என்றார். கலை படித்த நமக்கு இயந்திர சாஸ்திரம் தெரியாது. சரித்திரத்தின் வழியே சென்றால் விடை அகப்படலாம் என்ற நம்பிக்கையோடு படிக்கத் தொடங்கினோம். அவ்வாறு படித்தறிந்ததையே இங்கு நேயர்கள் முன் வைக்கிறோம்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்கள் முதலில் சொல்லைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். 'டயர்' என்னும் ஆங்கிலச் சொல், உடுப்பு என்று பொருள்படும் 'அட்டயர்' என்னும் சொல்லின் குறுக்கம் என்பர் சொற்பிறப்பு ஆராய்ந்தோர். அதாவது, டயர் என்பது சக்கரத்துக்கு உடுத்திய ஆடை. ஆடை என்றால் அது கிழியும், நைந்துபோகும். உள்ளிருக்கும் உடலைக் காக்கும் பொருட்டுத் தான் தேயும். அந்தத் தேய்வுக்குத் தமிழில் நாம் வழங்கும் சொல் தேய்மானம். அரசாங்கக் கணக்குகளில் ஆண்டுதோறும் ஒரு பொருளின் மதிப்புக் குறைவதையும் இதே சொல்லால்தான் எழுதுகிறோம். கணக்கரின் தேய்மானம் ஏட்டில் மட்டும் நிகழ்வது. டயரின் தேய்மானமோ சாலையில் நிகழ்வது. அதில் ஓர் உயிரின் காப்பும் அடங்கியிருக்கிறது.

நம் தச்சரும் கொல்லரும் சேர்ந்து செய்த வண்டிச் சக்கரத்தை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். நடுவே குடம், குடத்திலிருந்து புறப்படும் ஆரக்கால்கள், அவற்றை வளைத்து நிற்கும் வட்டை, வட்டையின் மேல் இரும்புப் பட்டா. கொல்லர் பட்டாவைத் தீயிலிட்டுச் சிவக்கக் காய்ச்சி, அது விரிந்த நிலையில் வட்டையின் மேல் ஏற்றி, நீர் ஊற்றிக் குளிர்விப்பார். சுருங்கும் இரும்பு சக்கரம் முழுவதையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். பட்டா மெல்லத்தான் தேயும். ஆனால் அது சாலையைப் பற்றுவதில்லை. மாடு இழுக்கும் வண்டிக்குச் சக்கரம் சாலையைப் பற்ற வேண்டிய தேவையும் இல்லை. இழுக்கும் பிடிப்பு மாட்டின் குளம்பில் இருக்கிறது. சக்கரம் உருண்டால் போதும். இயந்திரம் சக்கரத்தையே சுழற்றத் தொடங்கிய காலத்தில்தான், சக்கரம் சாலையைப் பற்றியாக வேண்டும் என்ற புதிய கடமை பிறந்தது.

உலகின் முதல் மோட்டார் சைக்கிள் என்று போற்றப்படுவது, ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் 1885-ஆம் ஆண்டில் செய்த வண்டி. அதன் சக்கரங்கள் மரத்தாலானவை. அவற்றைச் சுற்றியிருந்தது இரும்புப் பட்டா. கட்டை வண்டியின் சக்கரமும் முதல் மோட்டார் சைக்கிளின் சக்கரமும் ஒரே குலத்தவை எனலாம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த வண்டி சாயாமல் நிற்பதற்கு இருபுறமும் இரண்டு சிறு சக்கரங்கள் பொருத்தப்பட்டிருந்தன. ஆகவே அது வளைவுகளில் சாய்ந்து ஓடும் வண்டியன்று. இன்று நாம் மோட்டார் சைக்கிளின் இயல்பாகக் கருதும் சாய்வு அந்த முதல் வண்டியில் இடம்பெறவில்லை. இதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இரும்புக்கு மாற்றாக வந்த ரப்பரின் கதை இன்னும் பழையது. பச்சை ரப்பர் வெயிலில் உருகும். குளிரில் விறைத்து வெடிக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் இவ்விரு குறைகளும் நீங்கும் என்பதை 1839-ல் கண்டவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். 1844-ல் அவர் காப்புரிமை பெற்றார்; ஆனால் 1860-ல் கடனாளியாகவே இறந்தார். காற்றடைத்த டயரை முதலில் எண்ணியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்ஸன். 1845-ல், இருபத்து மூன்று வயதில், அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். ரப்பர் பூசிய துணிக் குழாயில் காற்றை அடைத்து, அதற்கு மேல் தோலால் உறையிட்டு, லண்டன் ரீஜெண்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டிகளில் பூட்டி 1847-ல் ஓட்டிக் காட்டினார். அவ்வாறு பூட்டியவற்றுள் ஒரு தொகுதி 1,200 மைல் ஓடியது. ஆனால் ரப்பர் விலை மிகுந்திருந்த காலம் அது. சைக்கிளும் மோட்டாரும் பிறந்திராத காலமுங்கூட. தாம்ஸனின் டயர் மறக்கப்பட்டது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் சிறு மகனின் மூன்று சக்கரச் சைக்கிள் கரடுமுரடான தெருவில் அதிராமல் ஓடும் பொருட்டுக் காற்றடைத்த குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். 1888-ல் காப்புரிமையும் பெற்றார். தாம்ஸன் இதை முன்பே கண்டிருந்ததால் அந்த உரிமை பின்னர் செல்லாமற் போயிற்று. எனினும் டன்லப்பின் டயர் உலகமெங்கும் பரவியது. 1894-ல் மியூனிக் நகரில் ஹில்டெபிராண்ட், வொல்ப்முல்லர் ஆகியோர் விற்பனைக்கென்று தொகையாகச் செய்த முதல் மோட்டார் சைக்கிள் காற்றடைத்த டயர்களோடு வந்தது. அடுத்த ஆண்டே பிரான்ஸின் மிஷலின் சகோதரர்கள், பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய காரை ஓட்டினர். வழி நெடுகிலும் டயர்கள் பழுதாயின. வெற்றி பெறவில்லையாயினும், காற்றின் மேல் கார் ஓட முடியும் என்பதை அவர்கள் நிலைநாட்டினர்.

அக்காலத்து டயர்கள் வெண்ணிறமானவை என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கலாம். ரப்பரின் இயற்கை நிறம் வெளிர். அதனோடு சேர்த்த துத்தநாக ஆக்ஸைடும் வெள்ளை. அந்த டயர்கள் சில ஆயிரம் மைல்களிலேயே தேய்ந்து ஒழிந்தன. இங்கிலாந்தின் சில்வர்டவுன் தொழிற்சாலையில் 1904-ஆம் ஆண்டளவில் ரப்பரோடு கரிப்பொடியைக் கலந்து பார்த்தனர். எண்ணெயும் வாயுவும் அரைகுறையாக எரியும்போது படியும் நுண்ணிய புகைக்கரியே அது. நம் வீட்டு விளக்கின் மேல் படியும் மையின் நெருங்கிய உறவு எனலாம். கரியின் நுண்துகள்களை ரப்பரின் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் பற்றிக்கொள்கின்றன; அதனால் ரப்பர் எளிதில் கிழிவதில்லை. பத்து ஆண்டுகளுக்குள் டயர் கறுப்பாயிற்று. அதன் ஆயுளும் பன்மடங்கு நீண்டது. சாலையைப் பற்றும் ஆற்றலை இழக்காமல் தேய்மானத்தைக் குறைத்த முதல் பெரிய வெற்றி இதுவே. ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றொன்றைப் பெற முடியும் என்ற கணக்கை மாற்றியது அந்தப் புதிய கலவை.

அதுவரை கார் டயருக்கும் மோட்டார் சைக்கிள் டயருக்கும் பெரிய வேற்றுமை இல்லை. இரண்டும் குறுகியவை, இரண்டும் உருண்டை வடிவின, இரண்டிலும் காற்றழுத்தம் மிகுதி. 1920-களில் கார்களுக்குக் குறைந்த அழுத்தமுள்ள பருத்த 'பலூன்' டயர்கள் வந்தன. அதன் பின்னர் கார் டயர் மேலும் மேலும் அகன்று, சாலையில் படியும் முகம் தட்டையாகிக்கொண்டே சென்றது. மோட்டார் சைக்கிள் டயரோ உருண்டையாகவே நின்றது. உடன்பிறந்த இருவர் இரு திசையில் பிரிந்த இடம் இதுதான்.

பிரிவுக்குக் காரணம் யாது? கார் நான்கு கால்களில் நிற்பது. வளைவிலும் அதன் சக்கரங்கள் ஏறக்குறைய நிமிர்ந்தே ஓடும். ஆகவே தட்டையான அகன்ற முகமே அதற்கு ஏற்றது. இரு சக்கர வண்டி சாய்ந்தாலன்றித் திரும்பாது என்பதைச் சைக்கிள் ஓட்டப் பழகிய சிறுவனும் அறிவான். டைம்லரின் முதல் வண்டியிலிருந்த துணைச் சக்கரங்கள் கழன்ற நாளிலிருந்து சாய்வே மோட்டார் சைக்கிளின் இயல்பாயிற்று. சாயும் சக்கரத்துக்கு எந்தக் கோணத்திலும் ஒரே அளவான முகம் சாலையில் படிய வேண்டும். உருண்டை வடிவம் அதைத் தருகிறது. ஒரு மோதிரத்தையும் ஒரு தகர டப்பாவையும் மேசையில் உருட்டிப் பார்த்தால் இது விளங்கும். மோதிரம் சாய்ந்து வளைந்து ஓடும். டப்பா நேராகவே ஓட முயலும். சாய்த்தால் விளிம்பில் நின்று தடுமாறும்.

இந்த உண்மையைத் தலைநகர்வாசிகள் தம் கண்ணாலேயே கண்டிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இராணுவம் கழித்துவிட்ட ஹார்லி டேவிட்ஸன் மோட்டார் சைக்கிள்கள் டில்லியில் விலைக்குக் கிடைத்தன. அவற்றை வாங்கியவர்கள், முன் பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் இரண்டு சக்கரங்களும் பயணிகள் அமரும் இருக்கைகளும் சேர்த்து 'பட்பட்டி' என்ற வாகனத்தை உருவாக்கினர். பஞ்சாபிலிருந்து பிரிவினையால் வீடிழந்து வந்த பலருக்கு அதுவே பிழைப்பாயிற்று. கன்னாட் பிளேஸிலிருந்து சாந்தினி சௌக் பக்கம் செல்ல நம்மவர்களும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறியதுண்டு. பழைய வணிக வாகனங்களை அப்புறப்படுத்த உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளால் 1998-ல் அவை சாலையிலிருந்து மறைந்தன. மூன்று சக்கரம் பெற்ற அந்த ஹார்லி, மோட்டார் சைக்கிளாகப் பிறந்தாலும் சாயும் தன்மையை இழந்துவிட்டது. அத்தகைய வண்டிக்குத் தட்டையான டயர் குற்றமாகாது. அதே நிறுவனம் 1932 முதல் 1973 வரை அமெரிக்காவில் செய்த மூன்று சக்கர 'சர்வி-கார்' வண்டிக்கும், பக்கத்தில் பெட்டி பொருத்திய மோட்டார் சைக்கிளுக்கும் இந்த விதி பொருந்தும். நம் ஊர் டயர் வண்டிக்கும் இதுவே நியாயம். சாயாத வாகனம் கார் டயரைத் தயங்காமல் ஏற்கும்.

போர்க் காலம் தேய்மானத்தைப் பற்றி வேறொரு பாடமும் கற்பித்தது. 1942-ன் தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும், பின்னர் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பான் வசமாயின. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. அந்நாட்டில் முதன்முதல் பங்கீட்டுக்கு உள்ளான பொருள் சர்க்கரையன்று, பெட்ரோலன்று; டயர்தான். அவ்வாண்டிலேயே நாடு முழுவதும் மணிக்கு 35 மைலுக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாதென்று விதித்தனர். அந்த விதியின் முதல் நோக்கம் விபத்தைத் தடுப்பதன்று, ரப்பரைக் காப்பது. வேகம் கூடினால் டயர் சூடேறும். சூடேறினால் விரைந்து தேயும். ஒவ்வோர் ஓட்டியும் தன் வலக் காலை அடக்கினால் ஒரு நாட்டின் ரப்பர் மிஞ்சும் என்பது அன்று அரசாங்கக் கொள்கையாகவே இருந்தது. செயற்கை ரப்பர்த் தொழில் பெரும் அளவில் எழுந்ததும் அந்த நெருக்கடியினாலேயே.

நம் நாட்டில் தேய்ந்த டயரை எறிந்துவிடும் பழக்கம் இருந்ததில்லை. உடல் நன்றாயிருந்தால் மேல் முகத்தை மட்டும் புதுப்பித்து ஓட்டுவர். அதை ரீட்ரேடிங் என்பர். 1946-ல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மைப் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, 1952-ல் இந்த ரீட்ரேடிங்குக்கு வேண்டிய ரப்பரைச் செய்யும் துறையில் இறங்கியது. 1961-ல்தான் டயர் தொழிற்சாலையாக வளர்ந்தது. பிறருடைய டயர்கள் தேய்ந்ததன் மேல் எழுந்த தொழில் அது எனலாம்.

இனி, டயர் உண்மையில் எவ்வாறு தேய்கிறது என்பதைக் காண்போம். இங்கிலாந்தில் வெல்வின் கார்டன் நகரிலிருந்த ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அடால்ஃப் ஷல்லமாக் என்பவர், ரப்பரின் மேல் ஊசியை இழுத்து, அது எவ்வாறு கிழிகிறது என்று நோக்கினார். தேயும் ரப்பரின் முகத்தில், கடற்கரை மணலில் காற்று வரையும் வரிகளைப் போல, உராய்வுத் திசைக்குக் குறுக்காக மேடும் பள்ளமும் தோன்றுவதை 1952-ல் அவர் விளக்கினார். மேட்டின் நுனி மடிந்து, அடியில் கிழிந்து, துகளாக உதிர்கிறது. 1971-ல் அவர் மற்றொன்றையும் காட்டினார். ரப்பர் சறுக்கும்போது முழுமுகமும் ஒருங்கே வழுக்குவதில்லை. விரித்த ஜமக்காளத்தில் ஒரு சுருக்கத்தை எழுப்பி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளினால் ஜமக்காளம் சற்று நகர்வதைப் போல, நுண்ணிய அலைகள் ஓடி ரப்பரை நகர்த்துகின்றன. 1963-ல் க்ராஷ் என்னும் ஆராய்ச்சியாளர், ரப்பரின் பிடிப்பு அது நெகிழ்ந்து வெப்பமாக ஆற்றலை இழப்பதைச் சார்ந்தது என்று நிறுவினார். பிடிப்பும் தேய்வும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பது இவற்றால் தெளிவாகிறது. டயர் சாலையைப் பற்றும் இடத்தில் சிறிதேனும் சறுக்காமல் முடுக்கவும் நிறுத்தவும் திருப்பவும் இயலாது. அந்தச் சிறு சறுக்கலின் விலையே தேய்மானம்.

எவ்வளவு சிறிய விலை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கார் டயரின் சுற்றளவு 2 மீட்டர், தேயக்கூடிய ரப்பர் 6 மில்லிமீட்டர், ஆயுள் 40,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது தன் ஆயுளில் 2 கோடி முறை சுழலும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், ஒரு சுழற்சியில் தேய்வது அதில் ஒரு கூறின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அணுக்களின் அளவுக்கு நெருங்கிய நுணுக்கம் அது. கனமான மோட்டார் சைக்கிளின் பின் டயர், அதே அளவு ரப்பரோடு 10,000 கிலோமீட்டரில் ஒழிந்தால், சுழற்சிக்கு அதைப்போல் நான்கு மடங்கு தேய்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

மோட்டார் சைக்கிள் டயர் ஏன் இவ்வளவு விரைந்து தேய்கிறது? சாலையோடு அதற்குள்ள உறவு, முன்னும் பின்னுமாக இரண்டு உள்ளங்கை அளவே. ஒன்று வழுக்கினால் ஓட்டுபவர் விழுவார். ஆகவே செய்பவர்கள் ரப்பரை மென்மையாகக் கலக்கின்றனர். மென்மை பற்றும், ஆனால் தேயும். இயந்திரத்தின் ஆற்றல் முழுவதும் பின் சக்கரத்தின் வழியே பாய்கிறது. நெடுஞ்சாலையில் நேராகவே ஓட்டினால் உருண்டை முகத்தின் நடு வரி மட்டும் தேய்ந்து தட்டையாகும். கார் டயரோ கெட்டியான ரப்பரால் ஆனது. அகன்ற முகத்தில் சுமையைப் பரப்புவது. மோட்டார் சைக்கிளைவிடப் பாரமான வண்டியைத் தாங்கும் அளவுக்கு வலிமையாகச் செய்யப்பட்டது. 1946-ல் மிஷலின் காப்புரிமை பெற்று 1949-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயர் இந்த வேற்றுமையை மேலும் பெருக்கிற்று. பழைய டயர்களில் ஒன்றன் மேல் ஒன்று குறுக்காகப் படிந்த இழைகள் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒன்றையொன்று உரசி, முகத்தையும் நெளிய வைத்தன. ரேடியலில் இழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடின. அவற்றின் மேல் எஃகுக் கம்பிப் பட்டை முகத்தை நெளியாமல் பிடித்தது. கார் டயரின் ஆயுள் வெகுவாக நீண்டது. சாயும் வண்டிக்கு ஏற்ற ரேடியலைச் செய்வது கடினமாயிருந்ததால், மோட்டார் சைக்கிளுக்கு அது 1980-களில்தான் வந்து சேர்ந்தது.

இப்பின்னணியில்தான் கடைக்காரர் குறிப்பிட்ட அமெரிக்க வழக்கத்தை நோக்க வேண்டும். ஹோண்டா நிறுவனம் 1975-ல் வெளியிட்ட 'கோல்ட் விங்' வரிசை மோட்டார் சைக்கிள்கள் காலப்போக்கில் பெருத்தன. 2001-ல் வந்த வகை 360 கிலோவையும் தாண்டியது. இத்தகைய வண்டிகளில் நாடு குறுக்கே செல்லும் ஓட்டிகளில் ஒரு சாரார், பின் சக்கரத்துக்கு 16 அங்குலக் கார் டயரைப் பூட்டுகின்றனர். அதற்கு 'இருண்ட பக்கம் சேர்தல்' என்று தாங்களே வேடிக்கையாகப் பெயரும் இட்டிருக்கின்றனர். அவர்கள் கட்சியை நாம் இழிவாக எண்ணலாகாது. டயர் இரண்டு மூன்று மடங்கு உழைக்கிறது. நிறுத்தும்போது அகன்ற முகம் நன்றாகப் பற்றுகிறது. காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய வகைகள் உள்ளன. பல்லாயிரம் மைல் விபத்தின்றி ஓட்டியிருக்கிறோம் என்பது அவர்கள் கூற்று. அமெரிக்காவின் நேரான அகன்ற சாலைகளில் இந்தக் கூற்றுக்குப் பொருள் உண்டு.

எதிர்க் கட்சியின் வாதத்தையும் கேட்போம். வண்டியைச் சாய்க்கும்போது தட்டையான முகம் விளிம்பில் ஏறி நிற்கிறது. சாலையோடு தொடும் இடம் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தாவுவதால், வண்டியை நிமிர்த்தும் ஒரு விசை பிறக்கிறது. ஓட்டுபவர் வளைவு முழுவதும் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். சாலையின் மேடும் பள்ளமும் வண்டியைத் தம் பக்கம் இழுக்கும். ஓரச் சுவர் நெகிழும் பொருட்டுச் சிலர் காற்றைக் குறைக்கின்றனர். குறைத்தால் சூடு கூடும். டயரின் விளிம்பு வந்து அமரும் இருக்கையின் வடிவம் காரின் சக்கரத்தில் ஒருவிதம், மோட்டார் சைக்கிளின் சக்கரத்தில் வேறுவிதம். ஒன்றுக்காகச் செய்ததை மற்றொன்றில் ஏற்றினால் அது உறுதியாக அமர்ந்ததா என்பதற்கு எந்த உற்பத்தியாளரும் பொறுப்பேற்பதில்லை. நேரான சாலையில் நூறு நாள் ஓட்டியதால் இந்தக் குறைகள் வெளிப்படா. குறுக்கே ஒரு மாடு பாய்ந்து, மழை நனைத்த வளைவில் சட்டென்று சாய்க்க வேண்டிவரும் நூற்றோராவது நாளில் அவை வெளிப்படும். நம் நாட்டுச் சாலைகளில் அந்த நாள் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

தேய்ந்த ரப்பர் எங்கே செல்கிறது என்ற கேள்வியும் அண்மைக் காலத்தில் எழுந்துள்ளது. அது தூசியாகிச் சாலையோரத்திலும் காற்றிலும் நீரிலும் கலக்கிறது. டயர் வெடித்துப்போகாமல் காக்கச் சேர்க்கும் ஒரு பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு கூடி நஞ்சாக மாறி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஓடைகளில் கோஹோ சாமன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-ல் ஆராய்ச்சியாளர் கண்டனர். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இயற்றிய வாகன விதிகளில் டயரின் தேய்மானத்துக்கும் வரம்பு வகுக்க வழி செய்துள்ளது. ஆதலின் டயர் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்ற ஆசை பணத்தை மட்டும் பற்றியதன்று. அது நியாயமான ஆசையே. ஆனால் சரித்திரம் காட்டும் வழி வேறு. கரிப்பொடி கலந்ததும், ரேடியல் இழை நெய்ததும், இந்நாளில் மோட்டார் சைக்கிள் டயரின் நடுவே கெட்டியான ரப்பரையும் ஓரங்களில் மென்மையான ரப்பரையும் வைத்துச் செய்வதும் அந்த ஆசையை முறையாக நிறைவேற்றிய முயற்சிகள். ஒருவருக்கென்று தைத்த ஆடையை மற்றொருவர் உடுத்திக்கொள்வது அவ்வரிசையில் சேராது.

இவ்வளவையும் நண்பரின் தம்பிக்கு எடுத்துச் சொன்னோம். அவர் உடனே ஒப்புக்கொண்டார் என்று சொல்வதற்கில்லை. "அப்படியானால் டயருக்கே சம்பளத்தைக் கொட்ட வேண்டியதுதானா, சார்?" என்று கேட்டார். தேய்மானத்தைக் குறைக்க அவர் கையிலேயே சில வழிகள் இருந்தன. காற்றழுத்தத்தை அவர் மாதக் கணக்கில் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வெயிற்கால நடுப்பகலில், பின்னால் பெரிய மூட்டையைக் கட்டிக்கொண்டு, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவது அவர் வழக்கம். குளிர்ந்த டயரில் வாரந்தோறும் அழுத்தம் பார்ப்பது, சுமையையும் வேகத்தையும் சற்றுக் குறைப்பது, முடுக்குவதில் பொறுமை காட்டுவது ஆகிய மூன்றையும் செய்து பார்க்கச் சொன்னோம். 1942-ல் ஒரு பெரிய தேசம் கடைப்பிடித்த முறைதானே அது! இரு சக்கர வண்டியின் டயர் வரிப்பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதி. அந்த எல்லை வரை காத்திராமல், மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுவது நலம் என்றும் கூறினோம்.

அடுத்த வாரம் மூவரும் மீண்டும் கரோல்பாக் சென்றோம். தம்பி மோட்டார் சைக்கிள் டயரையே வாங்கினார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கார் டயரை உள்ளே உருட்டிச் சென்றார். அது ஓர் அடியும் சாயாமல் நேராக உருண்டு சென்றதை அண்ணன் சுட்டிக்காட்டினார், தம்பியும் பார்த்தார். புது டயர் பூட்டிய வண்டியில் ஏறி, தெரு முனையில் மெல்லச் சாய்ந்து திரும்பி, அவர் வீட்டை நோக்கிச் சென்றார்.